பக்கத்து வீட்டாரின் உறக்கமும் பணிவிடையே



சென்ற கார்த்திகையில் சுவாமித்தோப்பில் 17 நாள் திருஏடு வாசிப்பு நடந்தபோது, கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். நம் குமரி மாவட்டத்துக்காரர். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஊரில் தனியாக இருக்க முடியாமல், கோவைப் பக்கம் முதியோருக்கென்றே கட்டிய குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கி மனைவியோடு குடியேறி இரண்டு வருடம் ஆகிறது. பதியில் வணங்கி முடித்து வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, காலையில நாலரைக்கு எழும்பி உகப்படிப்பு போடுவேன். ஸ்பீக்கர்ல கொஞ்சம் சத்தமா வைப்பேன். அதுக்குச் சங்கத்துல இருந்து கடிதம் கொடுத்திருக்கானுக. ஆறு மணிக்கு முன்ன சத்தம் கேக்கக் கூடாதாம். வாசல்ல செருப்பு அலமாரி வைக்கக் கூடாதாம், பூந்தொட்டி வைக்கக் கூடாதாம். நம்ம அய்யா ராஜாவுக்கே பயப்படல்ல. நான் இவனுக சங்கத்துக்குப் பயப்படணுமா?"

அன்பர்களே, இந்தக் கேள்வியைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. இன்று நம் மக்களில் பலர் அடுக்குமாடி வீடுகளிலும் முதியோர் குடியிருப்புகளிலும் வாழ்கிறார்கள். அய்யாவின் பிள்ளை விதிக்குக் கட்டுப்பட வேண்டுமா, விதியை எதிர்த்து நிற்க வேண்டுமா? இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அய்யா வைகுண்டர் விதிகளை எதிர்த்தார் என்பது உண்மை. அன்றைய திருவிதாங்கூரில் நம் முன்னோர் தலையில் துணி கட்டக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு இருந்தது. அய்யா தம் மக்களைத் தலைப்பாகை கட்டி வணங்கச் சொன்னார். முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக நீராட வைத்தார். அதற்காகச் சிங்காரத்தோப்புச் சிறையையும் ஏற்றார்.

அதே அய்யா விதிகளை வகுத்தும் கொடுத்தார். வாகைப்பதியை நினைத்துப் பாருங்கள். 700 குடும்பங்களைக் கடற்கரையில் ஒன்றாகக் குடியேற்றி, துவையல் தவசு இருக்கச் சொன்னார். நாளுக்கு மூன்று முறை கடலில் நீராட வேண்டும், உடுத்த துணியைத் துவைக்க வேண்டும். பச்சரிசியும் சிறுபயறும் சேர்ந்த எளிய உணவு. ஆண், பெண், குழந்தை, கிழவர் எல்லோருக்கும் ஒரே ஒழுங்கு. பனையும் வயலுமாகத் தனித்தனியே கிடந்து பழகிய மக்கள், 700 குடும்பமாக நெருங்கி வாழ்ந்தபோது ஒருவர் அசுத்தம் செய்தால் பக்கத்தில் இருப்பவருக்கு நோய் வரும். ஒருவர் ஒழுங்கைக் குலைத்தால் எல்லோருடைய தவசும் குலையும். அந்த விதிகளை நம் முன்னோர் பாரமாகச் சுமக்கவில்லை. தவசாக ஏற்றார்கள்.

அப்படியானால் எதிர்க்க வேண்டிய விதி எது, ஏற்க வேண்டிய விதி எது? இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். அந்த விதி யாரை மிதிக்கிறது, யாரைத் தாங்குகிறது என்று பார்த்தால் போதும். தோள்சீலைக்குத் தடை போட்ட விதி எளியவரை மிதித்தது. வாகைப்பதியில் அய்யா தந்த விதி எளியவரைத் தாங்கியது. கீழே கிடப்பவரைக் கைகொடுத்துக் காப்பதே தர்மம் என்று அய்யா நமக்குக் காட்டித் தந்தார். அந்தத் தராசில் எந்த விதியையும் நிறுத்துப் பார்க்கலாம்.

இதைத்தான் அந்தப் பெரியவரிடம் சொன்னேன். "அண்ணாச்சி, உங்க சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்காங்க?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாக ஒரே சுவரைப் பகிர்ந்திருக்கிறார்கள். ஒரு கொங்கு நாட்டுத் தம்பதி என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. "ஊருக்குப் போனதும் இனிமம் கொண்டுபோய்க் கொடுத்து, ஒருமுறை பேசிப் பாருங்க" என்றேன்.

தை மாதம் தொலைபேசியில் அழைத்தார். குரலே மாறியிருந்தது. இனிமத்தோடு போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். அந்த அம்மா உட்காரச் சொல்லி, தயங்கித் தயங்கிச் சொன்னாராம்: "அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க. எங்க வீட்டுக்காரருக்கு ஞாபகமெல்லாம் போயிருச்சுங்க. ராத்திரி பூரா எந்திரிச்சு நடப்பாருங்க. மூணு, மூணரைக்கு மேலதான் கண்ணசருவாரு. சத்தம் கேட்டா பயந்து எந்திரிச்சு, ஆரு வந்தாங்கன்னு அழுவாருங்க. அவரு தூங்கற அந்த ரெண்டு மணி நேரந்தான் எனக்கும் தூக்கமுங்க."

"தம்பி, நான் அய்யாவைக் கூப்பிட்டது, அந்த மனுசனை அழ வச்சிருக்கு" என்றார் பெரியவர். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

அன்பர்களே, ஆறு மணி வரை சத்தம் கூடாது என்ற விதி கடிதத்தில் ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்குள் ஒரு நோயாளியின் உறக்கமும், அவரைக் கவனிக்கும் மனைவியின் உயிர்ப்பும் இருந்தன. வாசலில் அலமாரி வைக்காதே என்பதும் அப்படித்தான். அந்த வராந்தாவில் சக்கர நாற்காலி திரும்ப வேண்டும். நடுராத்திரியில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் ஸ்ட்ரெச்சர் முட்டாமல் லிஃப்ட் வரை போக வேண்டும். சாப்பாட்டுக் கூடத்துக்கு நேரத்தோடு வா என்பதும், பரிமாறும் பெண் நேரத்தோடு தன் பிள்ளைகளிடம் வீடு திரும்பத்தான். விதியை மட்டும் பார்த்தால் எரிச்சல் வரும். விதிக்குப் பின்னால் இருக்கும் முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும்.

நம் பள்ளியறையில் கண்ணாடி வைத்திருக்கிறோம். அதில் தெரிவது நம் முகம். இறைவன் உனக்குள் இருக்கிறார் என்று அது சொல்கிறது. எனக்குள் இருப்பவர் பக்கத்து வீட்டாருக்குள்ளும் இருக்கிறார் அல்லவா? உள்ளே இருப்பவரை அழைக்க ஸ்பீக்கர் எதற்கு? இப்போது அந்தப் பெரியவர் நாலரைக்கே எழுகிறார், நாமம் இட்டு, தலைப்பாகை கட்டி, உதடு மட்டும் அசைய உகப்படிப்புச் சொல்கிறார். "முன்னே வாய் சொல்லிச்சு, இப்ப மனசு சொல்லுது" என்கிறார்.

கதை இதோடு முடியவில்லை. அந்தக் குடியிருப்பில் இன்னொரு விதியும் இருந்தது. வீட்டு வேலைக்கு வரும் பெண்களும் நோயாளியைக் கவனிக்க வரும் உதவியாளர்களும் லிஃப்டில் ஏறக் கூடாது, படியில்தான் வர வேண்டும். அந்த விதியை அவர் இரண்டு வருடமாகக் கவனிக்கவே இல்லை. தன் ஸ்பீக்கருக்காகக் கோபப்பட்டவர், நாலு மாடி ஏறி மூச்சிரைக்க வரும் பெண்ணுக்காகக் கோபப்படவில்லை. தராசு கையில் வந்த பிறகு இது கண்ணில் பட்டது. பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்: "நம்மளைத் தூக்கி நிறுத்துற கையை நாம படியில ஏற விடலாமா?" சிலர் முணுமுணுத்தார்கள். அந்தப் பக்கத்து வீட்டு அம்மா முதலில் கை உயர்த்தினார். அடுத்த கூட்டத்தில் அந்த விதி நீங்கியது.

பாருங்கள் மக்களே, தன்னைக் கட்டுப்படுத்தும் விதிக்குப் பணிந்தவர், எளியவரை மிதிக்கும் விதியை எதிர்த்தார். இரண்டும் ஒரே அய்யாவழிதான். சொந்த வசதிக்காக விதியை மீறிவிட்டு அய்யாவின் பெயரைச் சொல்வது நமக்கு அழகல்ல. மாற்ற வேண்டிய விதி இருந்தால் கூட்டத்தில் எழுந்து பொறுமையாகச் சொல்லி மாற்றுவோம். மாறும் வரை பிறருக்குத் தொல்லை தராமல் இருப்போம்.

இது கோவைக்கு மட்டும் உரிய பாடம் அல்ல. நம் ஊர்களில் தாங்கல் திருநாள் வந்தால் குழாய் ஒலிபெருக்கி கட்டுகிறோம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. சட்டத்துக்காக மட்டும் அதை ஏற்க வேண்டாம். தாங்கலைச் சுற்றியுள்ள வீடுகளில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும், பிரசவித்த தாய் இருப்பாள், படுத்த படுக்கையாய்க் கிழவி இருப்பாள். அவர்கள் வேறு வழிபாட்டுக்காரர்களாகவும் இருக்கலாம். நிழல் தாங்கல் என்று பெயர் வைத்திருக்கிறோம். நிழல் எல்லோர் மேலும் விழ வேண்டும் அல்லவா?

பக்கத்து வீட்டார் நமக்குத் தொல்லை தந்தால் என்ன செய்வது? முதலில் புகார்க் கடிதம் எழுதாதீர்கள். ஒரு சொம்பு பதநீரோ, ஒரு இலை இனிமமோ எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுங்கள். பொறுமையாகக் கேளுங்கள். அய்யா நமக்குக் கொடுத்த ஆயுதம் பொறுமைதான்.

முதுமையில் சொந்த ஊரை விட்டு வந்து, முன்பின் தெரியாத மனிதர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழும் பெரியவர்களே! நீங்கள் இருக்கும் இடமே உங்களுக்கு வாகைப்பதி. அங்குள்ள ஒழுங்கே உங்களுக்குத் தவசு. நாளைக் காலையில் அய்யாவை நினைத்து எழும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் உறங்குபவருக்காகவும் ஒரு நொடி நினையுங்கள். அந்த நினைப்பையும் அய்யா பணிவிடையாக ஏற்றுக்கொள்வார்.

அய்யா உண்டு.