முடிக்கும் வேலை

கிட் விமானம் பெட்டிகளில் வந்து இறங்கும். வெட்டித் துளையிட்ட அலுமினியத் தகடு, ரிவெட், கண்ணாடி இழை வார்ப்புகள், வரைபடங்கள் எல்லாவற்றையும் கம்பெனி அனுப்பிவிடும். அவற்றைப் பறக்கும் பொருளாக்குவது வாங்கியவர் பாடு. அமெரிக்க விதிப்படி வேலையில் பெரும்பகுதியைத் தனிநபர்கள் கற்பதற்காகவோ பொழுதுபோக்காகவோ செய்திருந்தால்தான் அது அமெச்சூர் விமானமாகப் பதிவாகும். 51 சதவீத விதி என்று அதைச் சொல்வார்கள். வால், இறக்கை, உடல், எஞ்சின் என்று ஒவ்வொன்றாக முடிந்தபின் இரண்டு பாக்கி நிற்கும்: எஞ்சினை மூடும் கவுலிங், ஆள் உட்காரும் உள்ளறை. இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள், தொண்ணூறு சதவீதம் முடிந்தது, இன்னும் தொண்ணூறு சதவீதம் பாக்கி என்பார்கள். அந்தப் பாக்கியிலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுபோன விமானங்கள் உண்டு. ஆசையோடு எடுத்த காரியம் கடைசிக் கட்டத்தில் ஏன் கையை விட்டு நழுவுகிறது என்ற கேள்வி விமானத்துக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் விமானத்தில் அதைத் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

கவுலிங் வெறும் மூடி அல்ல. 1928இல் அமெரிக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் ஃபிரெட் வைக் தலைமையிலான குழு, காற்றால் குளிரும் எஞ்சினைச் சுற்றி வளைவான ஓர் உறையை வடிவமைத்தது. அதைக் கர்ட்டிஸ் விமானம் ஒன்றில் மாட்டியதும் அதன் உச்ச வேகம் மணிக்கு 118 மைலிலிருந்து 137 மைலாக உயர்ந்தது. எஞ்சின் அதே எஞ்சின்தான். அடுத்த ஆண்டே அந்த உறைக்குக் காலியர் விருது கிடைத்தது. இன்றைய சிறு விமானங்களிலும் கவுலிங்கின் வேலை அதுதான். முன்னால் உள்ள இரண்டு வாய்களில் நுழையும் காற்று சிலிண்டர்களின் மேல்பக்கம் அழுத்தமாகத் தேங்கி, சிலிண்டர்த் துடுப்புகளின் இடுக்கு வழியே கீழே இறங்கி, அடிப்பக்கமாக வெளியேற வேண்டும். ஓரத்தில் ஒட்டிய ரப்பர்ப் பட்டை ஓரிடத்தில் மடங்கி இடைவெளி விட்டாலும் காற்று சிலிண்டரைத் தொடாமல் அந்த வழியே ஓடிவிடும். சூடு ஏறும்.

பொருத்தும்போது பொறுமை சோதிக்கப்படும். எஞ்சின் ரப்பர் மெத்தைகளின் மேல் தொங்குகிறது. நாளாக ஆக ரப்பர் அமுங்கி எஞ்சின் சில மில்லிமீட்டர் கீழே இறங்கும். அது தெரிந்தவர்கள் புரொப்பெல்லரின் முன்கூம்பைத் தொடக்கத்தில் கவுலிங் விளிம்பைவிடச் சற்றே உயரமாக நிறுத்துவார்கள். பிறகு மேற்பரப்பு வேலை. வார்ப்பில் ஊசிமுனை அளவுக்கு நூற்றுக்கணக்கான துளைகள் இருக்கும். பெயின்ட் அடிக்கும்வரை அவை கண்ணில் படாது. அடித்தபின் கண் வேறெங்கும் போகாது. ஆகவே எபாக்சி பூசி, பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பட்டி பார்க்க வேண்டும். பள்ளம் எங்கே என்று அறிய ஒரு வழி உண்டு. மேற்பரப்பு முழுவதும் கறுப்பு பெயின்டை மெல்லிய தூறலாக அடித்துவிட்டு, தட்டையான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்ப்பார்கள். மேடான இடத்தில் கறுப்பு போய்விடும். பள்ளத்தில் திட்டுத் திட்டாக அப்படியே நிற்கும். அந்தத் திட்டு மறையும்வரை வேலை தொடரும்.

இதைவிட முக்கியமானது யாரும் பார்க்காத உட்பக்கம். பூசாமல் விட்ட கண்ணாடி இழை, எஞ்சினிலிருந்து கசியும் எண்ணெயைக் குடித்து ஊறிப்போகும். சூடான புகைக்குழாய்க்கு அருகே எண்ணெய் ஊறிய கவுலிங் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை. உட்பக்கத்தை ரெசின் பூசி அடைத்து, புகைக்குழாய் வரும் இடத்தில் வெப்பத்தைத் திருப்பும் தகடு ஒட்டினால்தான் கவுலிங் முடிந்ததாகப் பொருள்.

உள்ளறையில் பகை எடைதான். வீட்டில் கட்டும் இரண்டு இருக்கை உலோக விமானம் காலியாக இருக்கும்போது ஏறத்தாழ 500 கிலோ. மெத்தை, தரைவிரிப்பு, பக்கப் பலகை, ஒலித் தடுப்பு என்று சேரும் ஒவ்வொரு கிலோவும் எரிபொருளிலோ பயணியிலோ கழியும். மெத்தையின் நுரை எளிதில் தீப்பிடிக்காததாக இருக்க வேண்டும். தரைத்தகட்டைத் திருகி மூடுமுன் அடியில் கையை விட்டுத் துழாவ வேண்டும்: அங்கே விழுந்து கிடக்கும் ஒரு ஸ்க்ரூ, பறக்கும்போது உருண்டுபோய்க் கட்டுப்பாட்டுத் தண்டின் இணைப்பில் சிக்கிக்கொள்ளலாம். எல்லாம் முடிந்தபின் மூன்று சக்கரங்களையும் மூன்று தராசுகளில் ஏற்றி எடை பார்த்து, எடைமையம் எங்கே விழுகிறது என்று கணக்கிடுவார்கள். பெயின்டும் மெத்தையும் சேர்வதற்கு முன் போட்ட கணக்கு அதன்பின் செல்லாது.

இந்த வேலைகளில் அறிவுக்கு எட்டாதது எதுவும் இல்லை. கைக்கு மீறியதும் இல்லை. ஆனால் கட்டுபவரின் ஆர்வத்துக்கு இங்கே தீனி இல்லை. தன்னால் ஒரு விமானம் கட்ட முடியுமா என்பதுதான் அவர் தனக்கே போட்டுக்கொண்ட கேள்வி. இறக்கை உடலோடு சேர்ந்த அன்றோ எஞ்சின் முதன்முறை உறுமிய அன்றோ அதற்கு விடை கிடைத்துவிடுகிறது. மிஞ்சியிருப்பது மற்றவர்களுக்கான வேலை: பக்கத்தில் உட்காரப் போகிறவருக்கு, பழுது பார்க்கப் போகும் மெக்கானிக்குக்கு, அடுத்து வாங்கப் போகிறவருக்கு. தன் திறமையை அறிந்துகொள்ள மட்டும் தொடங்கியவர் இங்கே நின்றுவிடுவது இயல்பு. கேரளத்தில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் பொறியாளர் அசோக் ஆலிசேரில் தாமராக்ஷன், கொரோனா ஊரடங்குக் காலத்தில் ஸ்லிங் நிறுவனத்தின் நான்கு இருக்கைக் கிட்டை வாங்கிக் கட்டி முடித்து, 2022இல் அதில் ஐரோப்பிய நாடுகளுக்குப் பறந்துவந்தார். மனைவியும் இரண்டு மகள்களும் உட்கார வேண்டிய விமானம் அது. யாருக்காக என்று தெரிந்த வேலை முடிகிறது.

இன்னொரு தடை கைத்தொழில் மாறுவது. ரிவெட் அடித்துப் பழகிய கை இப்போது பட்டி பார்க்க வேண்டும், மெத்தை தைக்க வேண்டும். கோயில் கோபுரங்களிலும் இதே தடை உண்டு. திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் 217 அடி உயரம், 11 நிலை. தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர், முடித்தவர் தஞ்சையை ஆண்ட செவ்வப்ப நாயக்கர். இத்தகைய கோபுரங்களில் அடிப்பகுதி கருங்கல், மேல்நிலைகள் செங்கல்லும் சுதையும். கல்தச்சரின் வேலை முடிகிற மட்டத்தில் வேறு தொழிலாளர் ஏற வேண்டும். புதிய ஆட்கள், புதிய பொருள், புதிய செலவு. புரவலரும் மறைந்துவிட்டால் கோபுரம் அந்த மட்டத்திலேயே நின்றுவிடும். தமிழ்நாட்டில் மொட்டைக் கோபுரங்கள் அங்கங்கே நிற்பது இப்படித்தான். அண்ணாமலையார் கோபுரத்துக்கு ஏற ஆள் கிடைத்தது. பிறர் தொடங்கியதை ஏற்று முடித்த செவ்வப்பரின் செயலைத் தொடங்கிய செயலுக்குச் சிறிதும் குறைவாக மதிக்க முடியாது.

தமிழ்நாட்டின் முதல் சொந்த விமானத்திலும் இரு தரப்புக் கைகள் இருந்தன. சென்னை மவுன்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஆஞ்சலிஸ் வடிவமைத்தார். 1840 முதல் கோச்சு வண்டி கட்டிப் பழகிய சிம்ப்சன் கம்பெனி அதைக் கட்டிக்கொடுத்தது. 1910இல் அது பல்லாவரத்தில் பறந்தது. மரத்தை இழைத்துப் பொருத்தி மெருகேற்றத் தெரிந்த வண்டித் தச்சர்களை அவர் தேடிப் போனது புத்திசாலித்தனம்.

மூன்றாவது காரணம் தேதி இல்லாதது. திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் மாட வீதிகளில் ஓடும். சிற்பம் செதுக்கிய மரப்பகுதி ஆண்டு முழுதும் நிலையில் நிற்பது. அதற்கு மேலே உயரும் பகுதியை ஆண்டுதோறும் கம்பு கட்டி, சீலை போர்த்தி, தொம்பை தொங்கவிட்டுப் புதிதாக எழுப்ப வேண்டும். பத்தாம் நாள் மாலை மலையில் தீபம் ஏறுவதைப் பஞ்சாங்கம் குறித்துவிட்டது; தேர் ஓடும் நாளும் அதோடு உறுதியாகிவிடுகிறது. தேர் கட்டுபவருக்கு மனமில்லை, மழை விடவில்லை என்று எதைச் சொல்லியும் நாளை நகர்த்த முடியாது. வடம் பிடிக்க ஊரும் வெளியூரும் வந்து நிற்கும். அதனால் வேலை முடிந்தே தீரும். வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டுபவருக்கு அப்படி ஒரு நாளை யாரும் குறித்துத் தருவதில்லை. அவரே குறித்துக்கொண்டு, தவற முடியாதபடி நாலு பேரிடம் சொல்லிவிட வேண்டும்.

அப்படியும் முடியாமல் போகலாம். நோய், பணம், வயது, இடமாற்றம் எதுவும் குறுக்கே வரலாம், அது இழுக்கல்ல. பாதி விமானத்தை வாங்கி முடிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஆனால் அமெச்சூர்களின் உழைப்பு பாதிக்கு மேல் இருக்கிறது என்று அதிகாரியிடம் காட்ட, முதல் ஆள் செய்த வேலையின் பதிவேடும் படங்களும் வாங்குபவருக்கு வேண்டும். அவை இல்லாத கிட், எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், பதிவு செய்யும் இடத்தில் சிக்கிக்கொள்ளும். எனவே கொட்டகையில் பாதி விமானம் வைத்திருப்பவர்கள், முடிக்கும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இதுவரை செய்ததைத் தேதிவாரியாக இந்த வாரமே எழுதி, படங்களோடு கோப்பில் சேர்த்து வைக்கட்டும்.