மணிக்கு ஒரு பஞ்ச்

1980 ஏப்ரல் 11. நியூயார்க், ஹட்சன் தெரு. தைவானில் பிறந்த கலைஞர் டெச்சிங் ஷியே தலையை மொட்டையடித்து, சாம்பல் நிறத் தொழிலாளிச் சீருடை அணிந்து தன் அறைக்குள் நின்றார். சுவரில், தொழிற்சாலை வாசல்களில் இருக்கும் பஞ்ச் கடிகாரம். ஓராண்டு முழுக்க, இரவு பகல் பாராமல், ஒவ்வொரு மணிக்கும் அட்டையைச் செருகிப் பஞ்ச் செய்ய வேண்டும் என்பது அவர் தனக்கே போட்டுக்கொண்ட விதி. ஒவ்வொரு பஞ்சுக்கும் கேமராவில் ஒரே ஒரு ஃபிரேம். செய்த கையோடு அந்த அறையை விட்டு வெளியேறிவிட வேண்டும்.

சொல்ல எளிது. உடம்புக்குத்தான் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் தூக்கம் இல்லை. வெளியே கிளம்பினால் அரை மணி நேர நடையோடு திரும்பியாக வேண்டும். ஒரு சினிமாகூடப் பார்க்க முடியாது.

இவ்வளவு தாங்கினாரே என்று வியப்பது எனக்குப் போதவில்லை. தாங்குவதை சர்க்கஸிலும் பார்க்கலாம். என்னைப் பிடித்து நிறுத்துவது அவர் வைத்திருந்த கணக்கு. மொத்தம் 8,760 பஞ்ச், தவறியவை 133. அவற்றில் 94 தூங்கிப்போனதால், 29 தாமதத்தால். மீதி 10? நேரத்துக்கு முன்பே பஞ்ச் செய்துவிட்டதால்! தூக்கத்தை யாரும் மன்னிப்பார்கள். பதற்றத்தில் முந்திக்கொண்டதையும் தவறு என்று எழுதி வைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? அட்டைகளை மாற்றிவிட முடியாதபடி சாட்சி ஒருவரின் கையெழுத்தும் வாங்கியிருந்தார். விரதம் தவறினால் நமக்குப் பரிகாரம் உண்டு. இங்கே பரிகாரம் கிடையாது, பதிவு மட்டும்தான்.

இத்தனைக்கும் அவர் 1974-இல் கப்பலிலிருந்து இறங்கி அமெரிக்காவுக்குள் நழுவியவர். உணவகங்களில் பாத்திரம் கழுவிப் பிழைத்தவர். 1988-இல் பொதுமன்னிப்பு கிடைக்கும்வரை சட்டப்படியான காகிதம் எதுவும் அவரிடம் இல்லை. எந்த நிறுவனமும் துணிந்து பேர் எழுத முடியாத மனிதர் தனக்கென ஒரு வருகைப் பதிவேட்டை உண்டாக்கிக்கொண்டார். செய்த பொருள் இல்லை, கூலி இல்லை, முதலாளியும் அவரே. உழைப்பில் மற்ற எல்லாவற்றையும் உருவிவிட்டால் கடைசியில் எஞ்சுவது நேரம்தான் என்று இதைவிடப் பச்சையாகக் காட்டிய படைப்பை நான் அறியேன்.

ஃபிரேம்களை ஓட்டினால் ஆறு நிமிடப் படம். மொட்டைத் தலையில் முடி முளைத்துத் தோளுக்கு இறங்குகிறது. கடிகார முள் பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றுகிறது. பக்கத்தில் நிற்கும் ஆள் உதறிக்கொண்டே இருக்கிறார்.

1981 செப்டம்பரில் அடுத்த விதி: ஓராண்டுக்குக் கூரையின் கீழ் போவதில்லை. வீடு, கடை, ரயில், கூடாரம் எதுவும் கூடாது. நடுவில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதில் சுமார் 15 மணி நேரம் உள்ளே இருக்க நேர்ந்தது. அதையும் அவர் கணக்கிலிருந்து மறைக்கவில்லை.