பருந்தின் பசி

சிபிச் சக்கரவர்த்தி கதையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் பிள்ளைகள் பருந்துக்குத் தப்பி அரசனிடம் அடைக்கலம் புகுந்த புறாவின் பக்கம்தான் சேருவார்கள். என் மனம் போவது பருந்திடம். தன் இரையைப் பறித்துக்கொண்டால் தானும் தன் குடும்பமும் பட்டினியால் சாவோமே, அது தர்மமா என்று அது அரசனிடம் வழக்காடுகிறது. கொலைகாரப் பறவை என்று சிபி அதை விரட்டவில்லை. வழக்கு நியாயமானது என்று ஒப்புக்கொண்டு, புறாவுக்கு ஈடாகத் தன் சதையை அரிந்து தராசில் வைத்தான். அடைக்கலம் கொடுத்ததைவிட, பருந்தின் பசியையும் தன் கடனாக ஏற்றானே, அதுதான் எனக்குப் பெரிது. சோழர்கள் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் தங்கள் முன்னோராகச் சொல்லிக்கொண்ட அரசன் அவன்.

கொன்று தின்னும் உயிருக்குப் பாவம் உண்டா? வேறு வழி இருந்தும் செய்வதுதான் பாவம். பருந்துக்கு வேறு வழி கிடையாது.

எங்கள் திருநெல்வேலிச் சீமையின் மேய்ச்சல் தரிசுகளுக்குப் பனிக்காலத்தில் பூனைப்பருந்துகள் வருகின்றன. கஜகஸ்தான் போன்ற நாடுகளின் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இங்கே வந்து பங்குனி வரை தங்கும். ஆண் சாம்பல் நிறம், பெண் பழுப்பு. இறக்கைகளை லேசாக மேலே தூக்கியபடி, புல் நுனிக்குச் சற்று மேலே, அவசரமே இல்லாமல் மிதந்து போகும். ஆந்தையைப் போல வட்ட முகம். புல்லுக்குள் எழும் சிறு சலசலப்பும் காதில் விழுந்துவிடும். சட்டென்று திரும்பிக் கால்களை நீட்டி விழும். இங்கே பெரும்பாலும் வெட்டுக்கிளிதான் இரை. பருந்துகள் அடையும் இடத்தில் காலையில் குனிந்து பார்த்தால், கக்கிப்போட்ட சிறு உருண்டைகள் கிடக்கும். உதிர்த்தால் வெட்டுக்கிளிக் கால்களும் ஓடுகளுமாகக் கொட்டும். பயிரைத் தின்னும் பூச்சிக்கு அங்கே கணக்கு முடிந்திருக்கிறது.

இரவில் இவை மரத்தில் அடைவதில்லை. கூட்டமாகத் தரையில், புல்லுக்கு நடுவேதான் தூங்கும். அதனால்தான் எனக்குக் கவலை. அரசாங்கப் பதிவில் இந்த நிலத்துக்குப் பெயர் தரிசு. புண்ணியம் என்று சொல்லி அதில் குழி தோண்டி மரக்கன்று நடுகிறார்கள். புல் போனால் பருந்துக்கு இரையும் இல்லை, படுக்கையும் இல்லை. கொல்லாமலே ஓர் உயிரைப் பட்டினி போடலாம். சிபி அஞ்சியது அந்தப் பாவத்துக்குத்தான் என்று நம்புகிறேன்.

ஊர்ப் புறம்போக்கில் கன்று நட வந்தவர்களிடம், குளத்தங்கரையிலும் பள்ளிக்கூடத்திலும் நடுங்கள், புல்லை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

"ஒரு பறவைக்காகவா டீச்சர்?" என்றான் ஒரு பையன்.

பக்கத்தில் நின்ற கிடைக்காரர் முந்திக்கொண்டார்: "எங்க ஆட்டுக்கும் அதுதாம்ப்பா சோறு."