ஒட்டியதும் திருத்தியதும்

விற்கும் பொருளில் உள்ள குறையை விற்பவர் தாமே எடுத்துச் சொல்ல வேண்டுமா? அறநெறி அறிஞர் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இவ்வினாவை, பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் குமிழ் நம்மிடம் எழுப்பியது.

அதை நாமும் பிறர் பயன்படுத்திய பொருளாகவே வாங்கினோம். ஒலி நன்றாகவே இருந்தது. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் மட்டும் ஆடியது. சிலவேளை கையோடு கழன்றும் வந்தது. காரணத்தை ஆராயப் பொறுமையின்றி, உடனே இறுகும் பசையால் அதைத் தண்டோடு ஒட்டிவிட்டோம். பின்னொரு நாள், மைக் செட் வாடகைத் தொழில் தொடங்கிய இளைஞர் ஒருவருக்கு அதை விற்றோம். “எல்லாம் சரியா இருக்குங்களா சாமி?” என்று கேட்டார். “சரியாகத்தான் இருக்கிறது” என்றோம். பொய் சொன்னதாக அன்று நமக்குத் தோன்றவில்லை.

குமிழுக்குப் பின்னால், கண்ட்ரோலை முன்தகட்டோடு இறுக்கிப் பிடிக்கும் நட்டு ஒன்று உண்டு. அது தளர்ந்தால் குமிழைக் கழற்றி ஸ்பேனரால் இறுக்கிவிடலாம். ஒரு நிமிட வேலை. நாம் ஒட்டிய குமிழோ கழலவில்லை. நட்டு மேலும் தளர, குமிழைத் திருப்பும்போதெல்லாம் கண்ட்ரோல் முழுவதும் உள்ளே சுழன்றது. ஒரு திருமண வீட்டில், பற்றவைத்த கம்பி அறுந்து ஒலி நின்றுபோயிற்று. பழுதுபார்த்தவர் குமிழை உடைத்தே எடுக்க நேர்ந்தது, தண்டும் முறிந்தது. அன்றைய வாடகையும் போயிற்று. புதுக் கண்ட்ரோலுக்கும் செலவாயிற்று.

நடந்ததைச் சொல்ல வந்த அவ்விளைஞர், “உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது சாமி, முன்னாடி வச்சிருந்தவங்க யாரோ ஒட்டியிருக்காங்க” என்றார். அவர் நம்மைக் குற்றம் சாட்டியிருந்தால் அத்துணை வலித்திராது.

13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ், தம் ‘இறையியல் தொகுப்பில்’ இவ்வினாவை எடுத்து ஆராய்கின்றார். ஒற்றைக்கண் குதிரையை விற்பவர், அதற்கேற்ப விலையைக் குறைத்தாரெனில், அக்குறையை வாய்விட்டுச் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர்; குறை கண்ணெதிரே நிற்கின்றது. மறைந்திருந்து வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ விளைவிக்கும் குறையையோ சொல்லியே ஆக வேண்டும் என்பது அவர் முடிவு.

ஆடும் குமிழும் ஒற்றைக்கண் குதிரை போன்றதே. தொட்டவுடன் தன் குறையைத் தானே சொல்லிவிடும். நாம் பசையிட்டபோது குறையைப் போக்கவில்லை. அதன் வாயை அடைத்தோம். அந்நொடியே, அது சொல்லவேண்டியதைச் சொல்லும் கடமை நம் தலைமேல் ஏறிற்று. நாமோ வாளாவிருந்தோம்.

திருத்தும் வழி கடினமானதன்று. பக்கவாட்டில் சிறு திருகாணி உள்ள குமிழாயின், தண்டின் தட்டையான பக்கத்தில் அது பதியுமாறு ஸ்க்ரூ டிரைவராலோ ஆலன் கீயினாலோ இறுக்கினால் போதும். அழுத்திப் பொருத்தும் குமிழாயின், பிளவுபட்ட தண்டின் இடைவெளியை மெல்லிய கத்திமுனையால் மயிரிழை விரிக்கலாம்; மிகுந்தால் தண்டு ஒடியும். குமிழின் துளை தேய்ந்திருந்தால், சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாயில் சிறு துண்டைத் தண்டின்மேல் உறைபோல் இடலாம். இம்மூன்றுக்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு: அடுத்து வருபவர் கழற்றிப் பார்க்க முடியும். திருத்தம் பிறர் பார்வைக்கு அஞ்சுவதில்லை, மறைப்போ அஞ்சுகின்றது.

பிறர் குறையை மூடுவது அன்பல்லவா என்று கேட்கலாம். ஆம், அதனால் விளையும் இழப்பை நாம் ஏற்கும்போது அது அன்புதான். நம் குறையை மூடி, அதன் விலையைப் பிறர் செலுத்தச் செய்வதோ களவின் மறுவடிவம்.

அவ்விளைஞரிடம், “ஒட்டியவர் வேறு யாருமல்லர், நாமே” என்று சொல்லி, செலவையும் வாடகையையும் ஈடுசெய்தோம். பணம் கொடுப்பது எளிதாயிருந்தது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதே கடினமாயிருந்தது. விற்ற நாளிலேயே சொல்லியிருந்தால் அது எத்துணை எளிய சொல்லாய் இருந்திருக்கும்!