ஒரு லேப்டாப் போதும் என்றார்கள்

மென்பொருள் துறையைப் பற்றி எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. கடை வைக்க முதல் வேண்டும், வக்கீல் தொழிலுக்கு நல்ல சீனியர் வேண்டும், விவசாயத்துக்கு நிலமும் தண்ணீரும் வேண்டும். இதற்கு மட்டும் ஒரு லேப்டாப்பும் இன்டர்நெட்டும் இருந்தால் போதும். கோடு ஓடினால் வேலை, நீ யார் மகன் என்று எவனும் கேட்க மாட்டான். இதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பித்தான் நானும் சென்னைக்கு பஸ் ஏறினேன். மீதி, தங்க இடம் இல்லாமல் போனபோது தெரிந்தது. இந்தத் தொழில் வாய்விட்டுக் கேட்பது லேப்டாப்பை. கேட்காமலே இருக்கும் என்று எடுத்துக்கொள்வது வீட்டை.

என் லேப்டாப் அரசு கொடுத்தது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தது. அதைக் கிண்டல் செய்தவர்கள் எத்தனையோ பேர். என் வீட்டில் அதற்கு முன் இருந்த மின்சாதனம் டி.வி.யும் மிக்ஸியும்தான். அந்தத் திட்டத்தை இன்றும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் இன்ஜினியரிங் முடித்து சென்னை வந்தபோது அதன் பேட்டரி செத்திருந்தது. சார்ஜரைச் செருகினால் மட்டும் உயிர் வரும். அறை இருப்பவனுக்கு இது சில்லறைத் தொல்லை. அறை இல்லாதவனுக்கோ, இன்றைய பொழுது எங்கே கழியும் என்பதையே அந்த வயர்தான் முடிவு செய்யும்.

பி.ஜி. வாடகை பாக்கி ஏறி, ஓனர் பெட்டியை எடுக்கச் சொன்ன பிறகு நான் இருந்த இடத்துக்குப் பெயர் சொல்வது கஷ்டம். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் ஊர் நண்பனுக்கு ஒரு கட்டில் இருந்தது. அவனுக்குக் கால் சென்டரில் இரவு ஷிப்ட். அவன் கிளம்பியதும் நான் படுப்பேன், அவன் வருவதற்குள் எழுந்துவிடுவேன். அவனுக்கு வார விடுமுறை வந்தாலோ, ‘கெஸ்ட் யாரு?’ என்று மேனேஜர் மாடியேறி வந்தாலோ, கோயம்பேடு பஸ் நிலையம். இப்போது தென்மாவட்ட பஸ்களெல்லாம் கிளாம்பாக்கம் போய்விட்டன. அப்போது விடிய விடிய மதுரை, திருநெல்வேலி என்று கூவிக்கொண்டே இருப்பார்கள். அங்கே பையோடு படுத்திருப்பவனை யாரும் எழுப்புவதில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவன், பாவம். அந்தப் பை இல்லையென்றால் கதை வேறு. அம்மா போனில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ரூம்ல தண்ணி வருதாய்யா?” வருகிறது என்பேன்.

ஊருக்கே திரும்பியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நாளைக் காலை ஓ.எம்.ஆரில் வாக்-இன் என்று இன்று இரவு மெசேஜ் வரும். சங்கரன்கோவிலில் இருப்பவன் எப்படி ஒன்பது மணிக்குள் சோழிங்கநல்லூரில் நிற்பான்? படிப்புக் கடன் வேறு. ஆனாலும் எனக்குத் திரும்ப ஓர் ஊர் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. வால்டாக்ஸ் சாலை நடைபாதையிலேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்துப் பிள்ளை வளர்க்கும் குடும்பங்களுக்கு முன்னால் என் கதை ஒரு கதையே இல்லை. என் கேள்வி சின்னது: இடம் இல்லாதபோது இந்த வேலையின் எந்த உறுப்பு முதலில் பழுதாகிறது?

தூக்கம் என்று நினைத்தேன். தூக்கம் இல்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருப்பேன். காலையில் முதல் ஆளாகப் போனால் பிளக் பாயின்ட் கிடைக்கும். ஏசி உண்டு, குடிநீர் உண்டு, கழிவறை உண்டு. பசித்தால் அம்மா உணவகம்: இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். வேலை செய்யத் தேவையானதெல்லாம் இருந்தது என்றுதான் தோன்றும். ஆனால் மூன்று மணிக்கு மேல் மனம் ஒரு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். இன்று அவனுக்கு ஷிப்ட் உண்டா? பையை எங்கே வைப்பது? வெளுத்த சட்டை எங்கே காய்கிறது? நாளை இன்டர்வியூ என்றால் எந்தத் தேய்ப்பு வண்டியில் கொடுப்பது, அது வரும்வரை எதைப் போட்டுக்கொண்டு நிற்பது?

கோடு எழுதுவது விரல் வேலை இல்லை. ஒரு பிழையைத் தேடும்போது நாலைந்து விஷயங்களை ஒரே நேரத்தில் தலைக்குள் நிறுத்தி வைத்திருக்க வேண்டும். இந்த மாறி எங்கே பிறந்தது, எங்கே மாறியது, யார் அதைத் தொட்டது என்று. அப்பா தறிக்குப் போகிறவர். தறியில் இழை அறுந்தால் அறுந்த இடம் கண்ணுக்குத் தெரியும், முடிச்சுப் போட்டு ஓட்டிவிடலாம். தலைக்குள் அறுந்தால் எங்கே அறுந்தது என்றே தெரியாது; முதலிலிருந்துதான் வர வேண்டும். நேற்று விட்ட இடத்தில் இன்று தொடர முடியும் என்பதுதான் கற்றலின் அடிப்படை. நேற்று விட்ட இடமே இன்று இருக்குமா என்று தெரியாதவனுக்கு அந்தத் தொடர்ச்சி அமைவதில்லை. வட்டியில்லாத கடன் போல இடத்தையும் நேரத்தையும் ஒரு வீடு தினமும் தந்துகொண்டே இருக்கிறது. அதில் இருப்பவர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்தில் வீடற்றவன் என்று என்னை நானே ஒரு தரம்கூட நினைக்கவில்லை. மாநகராட்சிக் காப்பகம் ஒன்றுக்குப் போய்க் கேட்கலாம் என்று தோன்றவும் இல்லை. அது வேறு யாருக்கோ கட்டியது. நான் ‘வேலை தேடுகிறவன்’. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 இரவு வீடற்றவர்களை எண்ணினார்கள். நாடு முழுக்கச் சுமார் 17.7 லட்சம் பேர். நடைபாதை, பாலத்தடி, கோயில் மண்டபம், ரயில் நிலையம் என்று பார்த்து எண்ணிய கணக்கு. நண்பனின் கட்டிலில் ஷிப்ட் போட்டுத் தூங்குகிறவன் அதில் வர மாட்டான். அவன் மேல் ஒரு கூரை இருக்கிறது, அது அவனுடையதாக இல்லை என்பதுதான் குறை.

இதையெல்லாம் யோசிக்கும்போது நியூயார்க்கில் 2013இல் நடந்தது நினைவுக்கு வரும். 23 வயது ப்ரோகிராமர் ஒருவர், வேலைக்குப் போகும் வழியில் தினமும் பார்க்கும் வீடற்ற மனிதரிடம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்: 100 டாலர் ரொக்கம், அல்லது ஒரு லேப்டாப், ஜாவாஸ்கிரிப்ட் புத்தகங்கள், தினமும் காலையில் ஒரு மணி நேரப் பாடம். அவர் பாடத்தைத் தேர்ந்தெடுத்தார். உலகமெங்கும் செய்தி. நடுவே அக்டோபரில் பொது இடத்தில் தூங்கியதற்காகக் கைதானார். லேப்டாப்பும் கூடவே போலீஸ் வசம் போய்த் திரும்பியது. டிசம்பரில் அவர் எழுதிய செயலி வெளிவந்தது. ‘ட்ரீஸ் ஃபார் கார்ஸ்’ என்று பெயர். ஒரே வழியில் போகிறவர்கள் காரைப் பகிர்ந்துகொள்வதற்கானது. அடுத்த ஆண்டு செய்தியாளர்கள் தேடிப்போனபோதும் அவர் தெருவில்தான் இருந்தார்.

அந்த இளைஞரை நான் குறை சொல்ல மாட்டேன். கடந்து போகாமல் நின்றவர் அவர். மாணவரிடமும் குறையில்லை, சில மாதத்தில் செயலியே எழுதியவர். ஆனால் அந்த ஏற்பாடு முழுக்க ஒரு நினைப்பின் மேல் நின்றது: திறமை வந்தால் வேலை வரும், வேலை வந்தால் வீடு வரும். அதே நகரத்தில் 1992இலேயே சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இந்த வரிசையைத் தலைகீழாக்கியிருந்தார். தெருவில் இருந்த மனநோயாளிகளுக்கு, முதலில் குடியை விடு, மருந்தைச் சாப்பிடு என்று நிபந்தனை போடாமல் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு மற்றதைப் பிறகு பார்த்தார். பின்லாந்து 2008 முதல் அதை நாட்டின் கொள்கையாகவே வைத்திருக்கிறது. லேப்டாப் கொடுப்பது சுலபம், அதைப் படம் பிடிக்கவும் முடியும். ஓர் அறை கொடுத்தால் மாதா மாதம் வாடகை கட்ட வேண்டும்.

பிளாட்பாரத்தில் படுத்தவர் இன்று கம்பெனி முதலாளி என்ற வகைக் கதைகள் எனக்குப் பிடிப்பதில்லை. ஏதோ அங்கே ஒரு பயிற்சி வகுப்பு நடப்பது போல எழுதுகிறார்கள். கோயம்பேட்டில் நான் எதையும் கற்கவில்லை. கற்றதெல்லாம் நூலகத்தில், பிளக் பாயின்ட் பக்கத்தில், மூன்று மணிக்கு முன்னால்.

வேலை கிடைத்தபோது பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பீர்கள். அப்போதுதான் முற்றியது. பின்னணிச் சரிபார்ப்புப் படிவத்தில் தற்போதைய முகவரி, அதற்கு ஓர் ஆதாரம். நேரில் வந்து பார்க்க ஓர் ஆள். சம்பளப் பட்டியல் முடிந்த தேதிக்குப் பிறகு சேர்ந்தவனுக்கு முதல் சம்பளம் அடுத்த மாதக் கடைசியில். அதுவரை தினமும் தேய்த்த சட்டையோடு ஏசி அலுவலகத்தில் உட்கார்ந்து, மாலையில் எல்லோரும் “கிளம்பலாமா?” என்று எழும்போது நானும் எழ வேண்டும். வீடு பார்த்தால் பத்து மாத அட்வான்ஸ். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. எழுதிக்கொள்வது யார் கையில் இருக்கிறது என்பது தெரிந்ததுதான்.

இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் ஃப்ரெஷர்கள் சேரும் நாளில் ஒரு பை கொடுக்கிறார்கள்: லேப்டாப், டி-ஷர்ட், தண்ணீர் பாட்டில். முதல் மாதச் சம்பளத்தில் பாதியையும் அன்றைக்கே முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுவருகிறேன். வாங்கிக்கொண்டு மறுநாள் வராமல் போனால் யார் பொறுப்பு என்கிறார் ஹெச்.ஆர். மேலாளர். லேப்டாப் அதைவிட விலை கூடியதாயிற்றே, அதற்கு அந்தச் சந்தேகம் வரவில்லையே என்றேன். அதற்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்றார். அடுத்த பேட்ச் ஜூலையில் சேர்கிறது. அதற்கு முன் இன்னொரு முறை கேட்டுப் பார்க்க வேண்டும்.