கண்ணாடிச் சீசாவும் கொல்லாமையும்

இறந்துபோன ஒரு தவளையின் பின்னங்காலில் நூல் கட்டி, அதில் எண்ணிட்ட சிறு சீட்டொன்றைத் தொங்கவிட்டு, அவ்வெண்ணுக்கு நேரே பதிவேட்டில் அதன் இனப்பெயர், அது கிடைத்த ஊர், நாள், திரட்டியவர் பெயர் ஆகியவற்றை எழுதி வைப்பது ஹிம்சையில் சேருமா? நம் சமூகத்துப் பிள்ளைகள் விலங்கியல் பட்டம் பெற்று அருங்காட்சியகங்களுக்கும் ஆய்வு நிலையங்களுக்கும் பணிக்குச் செல்லும் இக்காலத்தில், இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. திருக்கோவிலூரை அடுத்த ஒரு குடும்பத்தார், தம் மகளை இத்தகைய பணிக்கு அனுப்பலாமா என்று நம்மிடம் வெளிப்படையாகவே கேட்டனர். ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடையிறுக்க நமக்கு மனம் வரவில்லை. ஆகவே சற்று விரித்து எழுதுகிறோம்.

பாம்பும் தவளையும் நமக்கு அயலான உயிர்கள் அல்ல. ஐம்பொறி உடைய ஜீவன்களை வகுக்கும்போது, மார்பால் ஊர்வன, கைகளால் ஊர்வன என்று பிரித்துக் காட்டிய மரபு நம்முடையது. திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதரைத் தரிசித்தவர்கள், எரியும் கட்டைக்குள் துடித்த நாகங்களுக்காக இரங்கிய பார்சுவநாதரின் வரலாற்றை மறந்திருக்க மாட்டார்கள். வாயில் ஒரு மலரைக் கவ்விக்கொண்டு மகாவீரரை வழிபடச் சென்று, வழியில் யானையின் காலடியில் மிதிபட்ட தவளையின் கதையைச் சமந்தபத்திரர் தம் ரத்னகரண்டகத்தில் பூஜையின் பெருமைக்குச் சான்றாகவே குறித்திருக்கிறார். அத்தவளையின் இனத்தைச் சீசாவில் மிதக்கக் காணும்போது நம் உள்ளம் கூசுவது இயல்பு. அக்கூச்சம் நல்லதே. ஆயினும் கூசுவது மட்டுமே ஆராய்ச்சி ஆகிவிடாது.

முதலில் அப்பணி யாது என்று அறிந்துகொள்வோம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பெற்றது. 1885-இல் அதன் பொறுப்பை ஏற்ற எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியத் தவளைகள், தேரைகள், மண்ணுக்குள் புழுப்போல் வாழும் காலில்லா இருவாழ்விகள் ஆகியவற்றுக்கு ஓர் அட்டவணையை 1888-இல் வெளியிட்டார். (இதே தர்ஸ்டன், அருங்காட்சியகத்துக்கு வந்த மனிதர்களையும் நிறுத்தி, மூக்கையும் மண்டையையும் அளந்து எழுதி வைத்தவர். தவளைக்குப் பொருந்தும் அளவுகோல் மனிதனுக்கும் பொருந்தும் என்று கருதிய அவர் போக்கை நாம் ஏற்பதற்கில்லை.) ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்குப் பின், 2010-இல், எஸ். ஆர். கணேஷ், ஜே. ஆர். அசோகன் என்னும் இருவர் அவ்வருங்காட்சியகத்திலுள்ள ஊர்வன, இருவாழ்விகளுக்கு மீண்டும் ஒரு முழு அட்டவணை தயாரித்து, ‘ஹமட்ரையட்’ என்னும் ஆய்விதழில் வெளியிட்டனர். கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையத்தின் சேகரிப்புக்கும் 2020-இல் இத்தகைய அட்டவணை வந்தது. அம்மையத்தின் ஆய்வாளர் எஸ். பூபதி 2014-இல் அகத்தியமலைக் காட்டில் களப்பணியின்போது நேர்ந்த விபத்தில் உயிர் நீத்தவர்.

இவ்வட்டவணைகளை ஆக்குவோர் புதிதாக எவ்வுயிரையும் கொல்வதில்லை. பல்லாண்டுகளுக்கு முன் இறந்தவற்றைச் சீசாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, நீளம் அளந்து, பாம்பாயின் வயிற்றுச் செதில்களை ஒன்றுவிடாமல் எண்ணி, பழைய பெயர் பொருந்துமா என்று நூல்களோடு ஒப்பிட்டு, மங்கிய சீட்டைப் படித்துப் புதிய சீட்டு எழுதுகிறார்கள். ஃபார்மலினில் இறுகவைத்த உடலைப் பின்னர் நூற்றுக்கு எழுபது பங்கு சாராய ஸ்பிரிட் கலந்த நீரில் வைப்பது வழக்கம். மூடி சற்றே தளர்ந்தாலும் ஸ்பிரிட் ஆவியாகிவிடும். உடல் காய்ந்து சருகாகும். ஆதலால் ஆண்டுதோறும் பார்த்து ஊற்றிவர வேண்டும். பொறுமையும் திருத்தமான கையெழுத்தும் வேண்டிய வேலை இது. மது விலக்கும் விரதம் உடையவர் ஸ்பிரிட்டைத் தொடலாமா என்று அக்குடும்பத்துப் பாட்டியார் கேட்டார். விரதம் அருந்துவதைப் பற்றியது. தொட்டபின் கை கழுவி, மாலையில் நீராடினால் போதும். ஃபார்மலின் ஆவிதான் உண்மையில் அஞ்சத்தக்கது. அது கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம் வேண்டும்.

இனி, வினாவின் கடினமான பகுதிக்கு வருவோம். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என்று மூன்று வாயில்களாலும் வினை வந்து சேரும் என்பது நாம் சிறுவயதில் கற்ற பாடம். அட்டவணை எழுதுபவர் கொல்லவில்லை, கொல்விக்கவும் இல்லை. ஆனால் கொன்று கொணர்ந்த பொருளால் பயன் பெறுகிறாரே, அது உடன்பாடு ஆகாதா? புலாலை விலை கொடுத்து வாங்குவோன் கொலையிலும் பங்குடையான் என்று வாதிடும் நாம், இங்கு மட்டும் வேறு நியாயம் பேசலாமா?

இரண்டும் ஒன்றல்ல என்பது நம் கருத்து. புலால் உண்டவுடன் தீர்ந்துபோகிறது. மறுநாள் மற்றொரு கொலை வேண்டியிருக்கிறது. வாங்குவோன் இல்லையேல் அக்கொலை இல்லை. சீசாவிலுள்ள பாம்போ எத்தனை பேர் பார்த்தாலும் தீர்வதில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இறந்த ஓருடல், இன்று கேட்கும் கேள்விக்கும் விடை தருகிறது. அதன் சீட்டு செம்மையாக இருந்தால், அதே இனத்தை அதே ஊரில் இன்னொரு முறை பிடிக்க வேண்டிய தேவை குறைகிறது. சீட்டு தொலைந்துவிட்டாலோ, அந்தச் சாவு வீண். அடுத்து வருபவர் மீண்டும் வலையும் சீசாவும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போவார். உமாஸ்வாதி தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, பிரமாதம் என்னும் கவனமின்மையோடு அதனை இணைத்தே கூறினார். காய்ந்துபோன சீசாவைக் கண்டும் காணாமல் போகும் அலுவலரிடம் அப்பிரமாதத்தின் சாயல் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு. நம் கல்வராயன் மலைக்கு மேற்கே சேர்வராயன் மலை. அங்கே மண்ணுக்குள் வாழும், வால்நுனி கேடயம்போல் அமைந்த சிறு பாம்பு ஒன்று உண்டு. கர்னல் பெடோம் என்பவர் 1863-இல் அதனைத் தனி இனமாக விவரித்து, டாக்டர் ஷார்ட் என்பவரின் பெயரை அதற்கு இட்டார். பின்வந்தோர் அது தனி இனமன்று என்று கருதி, ‘சிலோனிகஸ்’ என்னும் இனத்தோடு சேர்த்துவிட்டனர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘சிலோனிகஸ்’ என்றால் இலங்கையைச் சார்ந்தது என்று பொருள். ஆனால் அப்பாம்பு இலங்கையில் இல்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்வது. அதனை முதன்முதல் விவரித்தபோது ஊர்ப்பெயர் பிழையாகக் குறிக்கப்பட்டதால் வந்த வினை அது! ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக அப்பிழை பெயராகவே நிலைத்துவிட்டது. சேர்வராயன் பாம்பு மட்டும் 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வால் மீண்டும் தனி இனமென நிலைநாட்டப்பட்டது. தனி இனம் என்று ஒப்புக்கொண்ட பின்னர்தான், ஒரு மலையில் மட்டுமே உள்ளதே, இதனைக் காப்பது எவ்வாறு என்னும் கேள்வி எழுகிறது. பெயரற்ற உயிருக்காக எவரும் வழக்காடுவதில்லை.

இன்னொன்று. சென்னை ராணுவத்தில் மருத்துவராயிருந்த ஜெர்டன் டார்ஜிலிங் பகுதியில் திரட்டிய ஒரு மரத்தவளை 1876-இல் விவரிக்கப்பட்டது. அதன் பின் அத்தவளை காணப்படவே இல்லை. அது அழிந்தது என்றே பலரும் எண்ணினர். எஸ். டி. பிஜு என்பவரின் தலைமையில் ஆய்வு செய்தோர் வடகிழக்கு மாநிலங்களில் அதனை உயிரோடு கண்டனர் என்பது 2016-இல் வெளிவந்தது. கண்டது அதுதான் என்று துணிவதற்குச் சான்றாக நின்றவை இலண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த பழைய உடல்களே. இலங்கையிலோ நிலைமை துயரமானது. பதினைந்துக்கும் மேற்பட்ட தவளை இனங்கள் இன்று பழைய சீசாக்களில் மட்டுமே எஞ்சியுள்ளன.

உலகெங்கும் தவளைகளை மாய்த்துவரும் ஒருவகைத் தோல் பூஞ்சையை 1990-களின் இறுதியில்தான் அறிவியலார் இனங்கண்டனர். அது எப்போதிருந்து பரவுகிறது என்று அறியப் பழைய சேகரிப்புகளின் தோலைச் சோதித்தபோது, தென்னாப்பிரிக்காவில் 1938-இல் பிடிபட்ட ஒரு தவளையில் அது இருந்தமை தெரியவந்தது. அதனைப் பிடித்தவருக்கு அந்நோயின் பெயரே தெரியாது. அவர் ஆண்டையும் இடத்தையும் எழுதி வைத்ததால் அச்சாவு, இன்றுள்ள தவளைகளைக் காக்க முயல்வோர்க்கு உதவுகிறது.

இதற்கு நேர்மாறானதையும் கூறவேண்டும். நாம் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியாற்றிய பள்ளிகளுள் ஒன்றில், அறிவியல் அறையின் அலமாரியில் பதினைந்து சீசாக்கள் இருந்தன. பாம்பு, ஓணான், தேரை எல்லாம் உண்டு. ஒன்றிலும் சீட்டு இல்லை. எந்த ஊரில், எந்த ஆண்டு, யார் பிடித்தார் என்பது எவருக்கும் தெரியாது. ஆண்டாய்வுக்கு அதிகாரி வரும்போது துடைத்து வைப்பார்கள். மாணவர்கள் அவற்றைக் கண்டு அருவருத்தார்கள், சிலர் சிரித்தார்கள். பழைய கட்டடத்தை இடித்தபோது அனைத்தையும் குழியில் கொட்டி மண்ணால் மூடினர். பதினைந்து ஐம்பொறி உயிர்கள் எதற்காக மாண்டன என்று கேட்டால் விடை கூற ஒருவரும் இல்லை. அலமாரியை நிரப்புவதற்காகச் செய்த கொலை அது.

பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ நகரில், புட்டாண்டன் நிலையத்தில், 2010 மே மாதம் தீப்பிடித்து எழுபதாயிரத்துக்கும் குறையாத பாம்புகளின் உடல்கள் எரிந்தன. ஸ்பிரிட் நிரம்பிய அறை என்பதால் தீ விரைந்து பரவியது. செய்தி படித்தபோது, இறந்தவை மீண்டும் இறந்தனவே என்று நமக்குத் தோன்றியது.

இவ்வளவும் ஏற்கெனவே இறந்தவற்றைப் பேணுவதைப் பற்றியது. அறிவு வளரவேண்டும் என்பதற்காக இன்று புதிதாக ஒரு தவளையைக் கொல்லலாமா? இங்கே நமக்கு ஐயமில்லை. இல்லறத்தார்க்குத் தவிர்க்க இயலாதவை என்று பெரியோர் பொறுத்தவை, சமையல், உழவு, தொழில், தற்காப்பு ஆகியவற்றால் நேரும் ஹிம்சைகள். கொல்வேன் என்று துணிந்து செய்யும் சங்கல்ப ஹிம்சை அவற்றுள் அடங்காது. நோக்கம் நல்லதாயினும் துணிவு துணிவே. ஆய்வாளர்களிடையேயும் இதுபற்றி ஒருமித்த கருத்தில்லை. அருகிவரும் உயிர்களைக் கொன்று திரட்டாமல் நிழற்படம், குரல் ஒலிப்பதிவு, தோலில் ஒற்றியெடுக்கும் பஞ்சு ஆகியவற்றைக் கொண்டே இனங்காணலாம் என்று 2014-இல் ‘சயின்ஸ்’ இதழில் சிலர் எழுதினர். நூற்றுக்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் கையொப்பமிட்டு அதனை மறுத்தனர். உடல் இல்லாமல் பின்னாளில் எழும் கேள்விகளுக்கு விடை கிடைக்காது என்பது அவர்கள் வாதம். மேலே சொன்ன 1938-ஆம் ஆண்டுத் தவளை அவர்கள் பக்கமே சாட்சி சொல்லும் என்பதை மறைப்பது நேர்மையன்று. எனினும் பயன் விளைந்தது என்பதனாலேயே கொலை கொலையன்று என்று ஆகிவிடாது. ஆதலின் அப்பெண்ணுக்கு நாம் கூறியது இது: சேகரிப்பைப் பேணும் பணியை மனமாரச் செய்க, களத்துக்குச் சென்று கொன்று திரட்டும் பொறுப்பு வருமாயின், பணியில் சேருமுன்பே மறுப்பைத் தெரிவித்து விடுக. கல்லூரிகளில் விலங்குகளை அறுத்துப் பயிலும் முறையைக் கைவிடுமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் அறிவித்தது. அதற்கு முன் படித்தவர்களுக்கு இத்தகைய மறுப்பு எளிதாக இருக்கவில்லை.

கொல்லாமலே கிடைக்கும் உடல்களும் உண்டு. திருக்கோவிலூரிலிருந்து சங்கராபுரம் வழியாகக் கல்வராயன் மலையடிக்குச் செல்லும் சாலையில், முதல் மழை பெய்த இரவில் தவளைகளும் தேரைகளும் கடந்து செல்லும். விடியற்காலையில் பார்த்தால் சக்கரங்களில் நசுங்கிக் கிடக்கும். சாரையும் தண்ணீர்ப்பாம்பும் அவ்வாறே. அடிபட்டு இறந்தவற்றையும் ஆய்வு நிலையங்கள் ஏற்றுப் பதிவு செய்வதுண்டு. ஆனால் இறந்த பாம்பாயினும் 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டதாதலின், வனத்துறையின் அனுமதியின்றி எடுத்து வீட்டில் வைத்தல் கூடாது. நம்மைப் போன்றோர் செய்யத்தக்கது, கைப்பேசியில் முதுகும் வயிறும் தெரிய இரண்டு படம் எடுத்து, நாளையும் நேரத்தையும் அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் குறித்து, அப்பகுதி வனச்சரக அலுவலகத்துக்கோ அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் துறைக்கோ அனுப்புவது. படம் எடுக்குமுன் அவ்வுயிர் உண்மையில் இறந்துவிட்டதா என்று, ஒரு கோலின் தொலைவில் நின்று, நன்றாகப் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.