வென்ற பணம் யாருடையது?

ஓசூரிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் ஜூஜூவாடி வரை தமிழ்நாடு. அதைக் கடந்தால் அத்திப்பள்ளி, கர்நாடகம். இரண்டையும் பிரிப்பது வரைபடத்திலுள்ள ஒரு கோடுதான். அக்கோட்டுக்கு அப்பால் குடியிருந்து சிப்காட் தொழிற்பேட்டைக்கு வருவோரும், இப்பால் குடியிருந்து பொம்மசந்திரத்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்வோரும் நாள்தோறும் இருமுறை அதைக் கடக்கின்றனர், கடப்பதாக உணர்வதுமில்லை.

ஆயினும் அண்மைக் காலத்தில் அக்கோடு ஒரு விந்தையான பொருளைப் பெற்றது. 2020 நவம்பரில் தமிழ்நாடு அரசு, பணம் வைத்து இணையத்தில் ஆடும் ரம்மி, போக்கர் போன்ற ஆட்டங்களை அவசரச் சட்டத்தால் தடை செய்தது. கர்நாடகத்தில் அப்போது அத்தகைய தடை இல்லை. 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் சட்டம் செல்லாது என்றது. இரண்டே மாதங்களில் கர்நாடகம் தன் தடையைக் கொண்டுவந்தது. 2022 பிப்ரவரி 14 அன்று அதன் முக்கியப் பிரிவுகளை அம்மாநில உயர் நீதிமன்றம் நீக்கியது. ஆக, எட்டு மாதங்களுக்கு மேல் ஜூஜூவாடியில் குற்றமாயிருந்த ஆட்டம் அத்திப்பள்ளியில் குற்றமன்று. பின்னர் நான்கு மாதங்கள் அத்திப்பள்ளியில் குற்றமாயிருந்த ஆட்டம் ஜூஜூவாடியில் குற்றமன்று. லாட்டரிச் சீட்டுக்கும் முன்பு இந்நிலை இருந்தது. தமிழ்நாடு அதை 2003இல் தடை செய்தது. கர்நாடகம் 2007இல்தான் தடை செய்தது.

ஒரே மனிதர், ஒரே கைப்பேசி, ஒரே ஆட்டம். பேருந்து ஐந்து நிமிடம் ஓடியதும் நன்மை தீமை மாறிவிடுமா? மாறாது என்று நமக்குத் தெரியும். அப்படியானால், சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி எது? அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பின்னர் நடந்ததையும் சுருக்கமாக நினைவுகூர்வோம். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு அறிக்கை அளித்தபின், 2022 அக்டோபரில் தமிழ்நாடு மீண்டும் சட்டம் இயற்றியது. ஆளுநர் திருப்பியனுப்பிய அம்மசோதாவைச் சட்டப்பேரவை மறுபடியும் நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும் என்றும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்தவையாதலால் தடைப் பட்டியலில் அவற்றைச் சேர்த்தது செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இந்த வேறுபாட்டையே ஒதுக்கிவைத்தது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் இணைய ஆட்டம் எதையும் நடத்தலாகாது என்றது அதன் சட்டம். நடத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுவோருக்குத் தண்டனை இல்லை. அதை எதிர்த்து உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகள் அடுத்த மாதமே உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

ஒவ்வொரு தடையின்போதும் ஆடுவோரிடமிருந்து எழும் குரல்கள் நமக்குப் புதியவையல்ல. "தடுத்தால் வெளிநாட்டுத் தளங்களைத் தேடிப் போவோம்" என்பர் சிலர். "மதுக்கடை நடத்தும் அரசு சீட்டாட்டத்தைப் பழிக்கலாமா?" என்பர் வேறு சிலர். "என் உழைப்பின் பணம், இழந்தால் என் நட்டம்" என்பது மூன்றாவது குரல். "இது சூதன்று, திறமை" என்பது நான்காவது. நீதிமன்றங்களில் வலுப்பெற்றதும் இந்த நான்காவதே.

முதல் இரண்டிலும் உண்மை இல்லாமலில்லை. தடைக்குப் பின் வெளிநாட்டுத் தளங்களில் ஏமாறுவோர் முறையிட இடமின்றித் தவிப்பர் என்பது பொருட்படுத்த வேண்டிய அச்சமே. மதுக்கடைகளின் வருவாயைப் பெறும் அரசு ஒழுக்கம் பேசும்போது கேட்போர் புன்னகைப்பதும் இயல்பே. ஆனால் முதலாவது சட்டத்தின் திறனைப் பற்றியது. இரண்டாவது அரசின் நேர்மையைப் பற்றியது. ஆடுவது தகுமா என்ற வினாவுக்கு இரண்டுமே விடையாகா. பிறர் குற்றம் நம் குற்றத்தைக் கழுவுவதில்லை அன்றோ?

மூன்றாவது குரல் தன்னுரிமையின் குரல். அதை மதிக்க வேண்டும். பொழுதுபோக்கை எல்லாம் பாவமென்று ஒதுக்குவது திருச்சபையின் வழக்கமன்று. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொள்ளத் திருத்தூதர்கள் சீட்டுப் போட்டதாகத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. திருவிழாக் காலங்களில் பங்குகளிலும் குலுக்கல் சீட்டுகள் விற்கப்படுவதை நாம் அறிவோம். வாய்ப்பை நம்பி ஆடும் ஆட்டங்களும் பந்தயங்களும் தம்மிலே நீதிக்கு மாறானவையல்ல என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி. ஆனால் ஒருவர் தமக்கும் பிறருக்கும் தேவையானவற்றை அவை பறிக்கும்போது ஏற்கத்தகாதவையாகின்றன என்றும், ஆடும் வேட்கை அடிமைத்தனமாக மாறக்கூடும் என்றும் அது எச்சரிக்கிறது.

இங்கே 'பிறர்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மாதச் சம்பளம் வாங்கும் ஒருவரின் பணம் அவருடையது மட்டுமா? அதில் வீட்டு வாடகை இருக்கிறது. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் இருக்கிறது. ஊரில் இருக்கும் பெற்றோரின் மருந்துச் செலவு இருக்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து விடுதி அறைக்குத் திரும்பும் இளைஞர் தனியாக ஆடலாம், தனியாக இழப்பதில்லை. கடன் தரும் செயலியும் ஆட்டச் செயலியும் ஒரே கைப்பேசியில் இருக்கும்போது, இன்றைய கூலியோடு வரப்போகும் கூலியும் சேர்ந்து போய்விடுகிறது. கடன் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டோரைப் பற்றிய செய்திகளே தமிழ்நாட்டைச் சட்டம் இயற்றத் தூண்டின என்பதை மறக்கலாகாது.

இனி நான்காவது குரல். போக்கர் திறமையான ஆட்டம் என்பதை மறுப்பதற்கில்லை. கணக்கும் பொறுமையும் எதிராளியின் மனத்தை அறியும் கூர்மையும் அதற்கு வேண்டும். திறமை மேலோங்கிய ஆட்டம் சூதாகாது என்பது இந்தியச் சட்டத்தின் நெடுநாளைய நிலைப்பாடு. ரம்மியைப் பற்றி 1968இலும் குதிரைப் பந்தயத்தைப் பற்றி 1996இலும் உச்ச நீதிமன்றம் அவ்வாறே கூறியது. ஆனால் அதே 1968ஆம் ஆண்டுத் தீர்ப்பில், ஆட்டத்தை நடத்தும் மன்றம் பணயத்திலிருந்து இலாபம் பெற்றால் குற்றமாகலாம் என்ற குறிப்பும் உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பத்துப் பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் வைத்து ஆடுகின்றனர். மேசையில் 10,000 ரூபாய். ஆட்டம் எத்தனை மணி நேரம் நீண்டாலும் அத்தொகை ஒரு ரூபாயும் வளர்வதில்லை. மாறாக, ஒவ்வொரு சுற்றிலும் நடத்துபவர் தம் பங்கை எடுத்துக்கொள்வதால் அது குறைந்துகொண்டே வருகிறது. சிப்காட்டில் ஒரு தொழிலாளி தம் திறமையால் இயந்திர உறுப்பு ஒன்றைச் செய்யும்போது, முன்பு இல்லாத ஒரு பொருள் உலகுக்குக் கிடைக்கிறது. அவர் பெறும் ஊதியத்தால் எவரும் ஏழையாவதில்லை. போக்கர் மேசையில் வென்றவரின் ஒவ்வொரு ரூபாயும் மற்றொருவர் இழந்த ரூபாயே.

எனவே, "இது திறமை" என்ற வாதம் நீதிமன்றத்தில் ஆடுபவரைக் காக்கலாம்; மனச்சான்றின் முன் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. அதிர்ஷ்டத்தால் வென்றவர், தமக்கும் தோற்றவருக்கும் ஒரே வாய்ப்பு இருந்தது என்றாவது கூறலாம். திறமையால் வென்றவர் அப்படிக் கூற முடியாது. தம்மைவிடத் திறமை குறைந்தவர், களைத்தவர், விட்டதைப் பிடிக்கத் துடிப்பவர் எதிரே அமர வேண்டும் என்பதே அவரது வருவாயின் அடிப்படை. எதிரே இருப்பவரின் முகம் தெரியாததால் இவ்வுண்மை மறைந்திருக்கிறது. அவர் அடுத்த தெருவில் வாடகைக்கு இருப்பவராகவும் இருக்கலாம்.

"அவரும் விரும்பித்தானே வந்தார்?" என்று கேட்கலாம். விருப்பம் முழுமையானதாக இருந்தால் அக்கேள்விக்கு வலு உண்டு. நண்பர்கள் சிலர் இழக்கக்கூடிய சிறு தொகையை வைத்து ஆடும்போது அவ்விருப்பம் இருக்கிறது. ஆனால் வேட்கை முற்றியவரின் நிலை வேறு. வென்றதை நம்பி மேலும் ஆடுவது, மீன் தூண்டில் முள்ளை விழுங்கியது போன்றதென வள்ளுவர் சூது அதிகாரத்தின் தொடக்கத்திலேயே கூறுகிறார். முள்ளை விழுங்கியதன் விருப்பத்தைத் தூண்டில்காரர் தம் நியாயமாகக் காட்டலாமா?

2025ஆம் ஆண்டுச் சட்டம் ஆடுவோரைத் தண்டிக்காமல் விட்டதை இரக்கமெனக் கொள்ளலாம். ஆனால் அது ஆடுவோர் அனைவரையும் பாதிக்கப்பட்டவராகவே காண்கிறது. தோற்றவருக்கு இது பெரும்பாலும் பொருந்தும்; நம் அன்பியக் கூட்டங்களில் குடியைப் பற்றிப் பேசும் அளவுக்கு இக்கடனைப் பற்றியும் வெட்கமின்றிப் பேச இடம் கொடுத்தால், அவர் தனிமையிலிருந்து மீள வழி பிறக்கும். வென்றவரிடமோ சட்டம் எதையும் கேட்பதில்லை.

லூக்கா நற்செய்தியில் வரும் சக்கேயுவை இங்கே எண்ணிப் பார்க்கலாம். வரி தண்டுவது உரோமை ஆட்சியில் அனுமதிக்கப்பட்ட தொழிலே. ஆயினும் இயேசு தம் வீட்டுக்கு வந்த அன்று, அவர் சட்டப் புத்தகத்தைத் துணைக்கு அழைக்கவில்லை. தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், எவரையாவது ஏமாற்றிக் கவர்ந்திருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் கூறினார். தம் கையிலுள்ள பணம் யாருடைய கையிலிருந்து வந்தது என்பதை அவர் எண்ணிப் பார்த்தார். உச்ச நீதிமன்றம் எத்தீர்ப்பை வழங்கினாலும், கைப்பேசியில் வென்ற தொகையைப் பார்க்கும் ஒவ்வொருவரும் அவ்வாறு எண்ணிப் பார்க்கத் தடையேதும் இல்லை.